பன்னிரண்டாம் நாள் தட்டு

ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் பதில் அனுப்ப மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. ஜெயப்பிரியா காலை ஒன்பதே காலுக்கே மைக்ராஸ்கோப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள்.

கேட்டிருந்தது ஒரே ஒரு படம். அவள் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர். இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் பாராட்டி நாலு வரி எழுதிவிட்டு, பன்னிரண்டாம் நாள் நியூரான்களின் அணுக்கருவை மட்டும் நூறு மடங்கு பெரிதாக்கி ஒரு படம் சேர்த்தால் நல்லது என்று முடித்திருந்தார். அரை மணி நேர வேலை. சாயம் போட்ட ஸ்லைடு ஒன்று ஜூன் மாதத்திலிருந்து குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியில் அவள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இது ஐந்தாவது வருடம். செய்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எலிக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை நரம்புச் செல்லாக மாற்றுவது. பெங்களூரிலிருந்து உறைபனியில் வந்த சின்னக் குப்பி அது. கரு உண்டான நாலாம் நாளில் எடுத்த செல்கள். இன்னும் எதுவாகவும் ஆகாதவை, எதுவாக வேண்டுமானாலும் ஆகக்கூடியவை. ஒரு புரதத்தைத் தினமும் ஊற்றிவந்தால் அப்படியே இருக்கும். நிறுத்தினால் ஏதாவதாக ஆகத் தொடங்கும். தோலாகலாம், துடிக்கும் இதயச் செல்லாகலாம். என்னவாக வேண்டும் என்பதை ஊற்றுகிறவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாலு நாள் ஒட்டாத தட்டில் மிதக்கவிட வேண்டும். செல்கள் ஒன்றோடொன்று கூடி ரவையைவிடச் சின்ன உருண்டைகளாகும். அடுத்த நாலு நாள் வைட்டமின் ஏ-யின் அமிலம் சேர்த்த திரவம். எட்டாம் நாள் உருண்டைகளைப் பிரித்து, பசை பூசிய கண்ணாடியில் விதைக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் மறுநாளே செல்லில் வால் முளைக்கும். பன்னிரண்டாம் நாள் வால்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வலையாகக் கிடக்கும்.

எல்லாம் சரியாக நடந்தது ஒரே ஒரு முறை. ஜூன் மாதம்.

ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து லென்சை இறக்கினாள். முதலில் பச்சை. நரம்புச் செல்லில் மட்டும் ஒட்டும் சாயம். வலை அப்படியே இருந்தது. எத்தனையோ முறை பார்த்த வலைதான், இருந்தும் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வடிகட்டியை மாற்றினாள். நீலம். அணுக்கருவின் சாயம்.

அணுக்கருக்கள் வழவழவென்று, ஒரே சீரான நீலமாக இருந்தன.

லென்சைத் துடைத்தாள். மறுபடி எண்ணெய் வைத்தாள். வேறு இடத்துக்கு நகர்த்தினாள். வழவழவென்றுதான் இருந்தன.

எலியின் அணுக்கரு அப்படி இருக்காது. நீலச் சாயத்தில் அதன் உள்ளே பத்துப் பதினைந்து இடங்களில் பளிச்சென்று புள்ளி தெரியும். எலிச் செல்லோடு பழகிய எவருக்கும் தெரிந்த சங்கதி. மனிதச் செல்லில் அந்தப் புள்ளிகள் இல்லை. கோழிச் செல்லிலும் இல்லை. எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு அவளே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஜூன் மாதம் இருபது மடங்கு லென்சில்தான் படம் எடுத்தாள். பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நீலத்தை நின்று பார்க்கத் தோன்றவில்லை.

கோழி.

அந்தச் சொல்லை அவள் தேடிப் போகவில்லை. குளிர்பெட்டியில் அவள் ஸ்லைடுகளுக்கு அடுத்த டப்பாவில் உஷாராணியின் ஸ்லைடுகள் இருந்தன. உஷாராணி அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவள். தீவனத்தில் பூக்கும் பூஞ்சையின் நஞ்சு கோழிக்குஞ்சின் மூளையை என்ன செய்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. கடையில் விற்கும் முட்டையில் குஞ்சாகும் கரு இருக்காது. தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து அடைமுட்டை வாங்கி வந்து, எட்டு நாள் சூட்டில் வைத்து, உடைத்து, குஞ்சின் மூளையைப் பிரித்துக் கண்ணாடியில் விதைப்பாள். பிறவியிலேயே நரம்பாக இருப்பவை அவை. அவற்றை எதுவாகவும் மாற்றத் தேவையில்லை. விதைத்த மறுநாள் வால் விடும். கண்ணாடியும் பசையும் இருவருக்கும் ஒன்றுதான். திங்கள்கிழமை தோறும் இருவரும் சேர்ந்துதான் பூசுவார்கள்.

உஷாராணியின் டப்பாவிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதே வலை. அதே வழவழப்பு.

அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுத் தன்னுடையதைத் திரும்ப வைத்தாள்.

ஜூன் மாதம் உருண்டைகள் ஆறாம் நாளில் இருக்கும்போது பள்ளிபாளையத்திலிருந்து போன் வந்தது. அவள் அப்பா கைலாசம் சைசிங் மில்லில் நெசவு நூல் பாவுக்குக் கஞ்சி போடுகிறவர். டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரிந்துவிட்டார் என்றார்கள். கையில் கையுறை இருப்பது ஜெயப்பிரியாவுக்குப் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதுதான் தெரிந்தது.

"நீ கெளம்பு, செல்ல நான் பாத்துக்கறேன்," என்று அவளைப் படி வரை தள்ளிக்கொண்டு வந்தவள் உஷாராணிதான். "ரெண்டு நாளைக்கு ஊத்தோணும், எட்டாம் நாளு வெதைக்கோணும். உன்ற நோட்டு இருக்குதல்லோ. போ சாமி."

வேறு யார் கையிலும் அவள் அந்தத் தட்டுகளைக் கொடுத்திருக்க மாட்டாள்.

பன்னிரண்டாம் நாள் வந்து பார்த்தாள். கருமாதி முடியாமல் படி தாண்டக் கூடாது என்று அம்மா நல்லம்மாள் தடுத்தும், அரை நாள் என்று கெஞ்சிவிட்டு வந்தாள். உஷாராணி தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஜெயப்பிரியா குனிந்து பார்த்தாள். ஐந்து வருடமாகத் தன் தட்டில் ஒருமுறைகூட வராத வலை. அப்பாவுக்கு அழாத அழுகையெல்லாம் அங்கே உஷாராணியின் தோளில் அழுதாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "வந்துருச்சும்மா," என்றாள். என்ன வந்தது என்று நல்லம்மாளுக்கு விளங்கவில்லை. "உங்கப்பாரு அனுப்பி உட்டிருக்காரு," என்றாள்.

அதை ஜெயப்பிரியா நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் வேண்டாம் என்றும் தள்ளவில்லை.

அதன் பிறகு நாலு முறை செய்தாள். ஒருமுறை வந்ததை மறுபடி வரவைத்தால்தானே அறிவியல். நாலு முறையும் நூறு செல்லுக்குப் பத்தில்தான் வால் முளைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்து உஷாராணி காரணம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பசை பழசாக இருக்கும் என்றாள். சீரம் வேறு பேட்ச் என்றாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். மூன்றாம் முறைக்குப் பிறகு ஜெயப்பிரியாவுக்குத் தன் கை மேலேயே சந்தேகம் வந்தது. "உன்ற கை ராசியான கை. நீயே செய்யேன்," என்று நாலாம் முறை உஷாராணியின் கையில் பிப்பெட்டைக் கொடுத்தாள். உஷாராணி வாங்கிச் செய்தாள். பன்னிரண்டு நாளும் தவறாமல் செய்தாள். நூற்றுக்குப் பத்து.

"அன்னைக்கு என்னமோ சாமி கூட இருந்திருக்குது," என்றாள்.

கட்டுரையில் உஷாராணியின் பெயர் இரண்டாவதாக இருந்தது. ரெண்டு நாள் ஊற்றிக் கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் போதாதா என்று வழிகாட்டி கந்தவேல் சார் கேட்டார். ஜெயப்பிரியா ஒப்பவில்லை. விதைத்தது அவள், பெயர் வர வேண்டும் என்று நின்றாள். "எதுக்குப் புள்ள, வேண்டாம் உடு," என்று உஷாராணி இரண்டு முறை சொன்னதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். அந்தக் கட்டுரையையும் பட்டியலில் காட்டித்தான் போன மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் உஷாராணிக்கு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. திங்கள்கிழமை சேர வேண்டும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஏ புள்ள, இருட்டுக்குள்ள யாருகூட இருக்கற?" உஷாராணியின் குரல். "உப்புமா கொண்டாந்திருக்கறேன். வேண்டாம்னா சொல்லிப்போடு, ரெண்டு பங்கும் நானே தின்னுக்கறேன்."

"தொறந்துதான் இருக்குது."

உஷாராணி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். டிபன் டப்பாவை மேசையோரம் வைத்தாள்.

"படம் எடுத்தாச்சா? மொகரையப் பாத்தா ஆகலையாட்ட இருக்குது."

"இதக் கொஞ்சம் பாரு," என்று ஜெயப்பிரியா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

உஷாராணி உட்கார்ந்து கண்ணை வைத்தாள். குமிழைத் திருகினாள்.

"நல்லாத்தான் இருக்குது. எதுக்கு என்ற ஸ்லைட வெச்சுப் பாத்துட்டிருக்கற?"

"உன்றதா அது?"

"பின்ன? கோழி."

"எப்புடிச் சொல்ற?"

"எப்புடிச் சொல்றதா? புள்ளி இல்லியே." சிரித்தாள். "எலிக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டரு. வெளங்கிரும்."

"லேபிளப் பாரு."

உஷாராணி லென்சை மேலே ஏற்றி ஸ்லைடை உருவினாள். வெளிச்சம் வரும் பக்கம் திருப்பினாள். ஜெ.பி., பன்னிரண்டாம் நாள் என்று ஜெயப்பிரியாவின் கையெழுத்தில் இருந்தது. அவள் அதைத் திரும்ப வைக்கவும் இல்லை, மேசையில் போடவும் இல்லை. விரலிடுக்கில் பிடித்தபடியே இருந்தாள்.

"சொல்லு," என்றாள் ஜெயப்பிரியா.

"ப்ரியா..."

"மொதல்லருந்து சொல்லு."

உஷாராணி ஸ்லைடைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஜெயப்பிரியா போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்செங்கோட்டில் தேர். மத்தியானம் திரவம் ஊற்ற வந்தவள், தட்டுகள் இருக்கும் இன்குபேட்டரின் கேஸ் தீர்ந்திருப்பதைப் பார்த்தாள். செல்லுக்குக் கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் ஆகாது. கேஸ்காரர் கடையைச் சாத்திவிட்டுத் தேர் இழுக்கப் போய்விட்டார், போன் எடுக்கவில்லை. உஷாராணியின் மாமா சின்னுசாமிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை.

"அங்க வெல்டிங்குக்கு சிலிண்டர் நிக்கும்ல. போயி கேட்டேன். 'இதுவும் சீஓடூதான் சாமி, எடுத்துட்டுப் போ'ன்னாரு. மினி ஆட்டோ புடிச்சு நானே ஏத்திட்டு வந்து மாட்டுனேன். மீட்டர்ல சரியா அஞ்சுன்னு காட்டுச்சு. அப்பாடான்னு ஊட்டுக்குப் போயிட்டேன். காத்தால வந்து பாக்கறேன், தண்ணி கத்திரிப்பூக் கலருல இருக்குது. உருண்டையெல்லாம் தூளாக் கெடக்குது. பட்டறைக்கு வாரதுல முக்கால்வாசி ஆர்கான்ங்கற வேற கேஸாமா. அவங்க எல்லாத்தையும் சீஓடூன்னுதான் சொல்லுவாங்களாமா. நம்ம மீட்டருக்கும் அது வித்தியாசம் தெரியலை."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"உங்கப்பாவக் கொண்டுபோயி ரெண்டு நாளுகூட ஆகலை. என்ன வாய வெச்சுச் சொல்லட்டும்? என்ற முட்டை அன்னைக்கு எட்டாம் நாளு. தட்டும் பூசி ரெடியா இருந்துச்சு. கை பாட்டுக்கு வெதைச்சுப்போட்டுது."

"தட்டு மேல இருந்த லேபிளு?"

"என்ன?"

"லேபிள் நான் எழுதுனது. உருண்டை இருந்த தட்டுல ஒட்டியிருந்தது. அதப் பிச்சு எடுத்து கோழித் தட்டுல ஒட்டியிருக்கற. அதும் கை பாட்டுக்குத்தானா?"

உஷாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி. அன்னைக்குச் சொல்ல முடியலை. நான் ஒத்துக்கறேன்," என்றாள் ஜெயப்பிரியா. அவள் குரல் உயரவே இல்லை. "அப்பறம்?"

"நீ வந்து பாப்ப, ஒரு நாலு நாளைக்குத் தெம்பா இருப்ப, மறுபடி செய்வ, அப்ப நெசமாலுமே வந்துரும்னு நெனச்சேன். நீ அன்னைக்கே சாயம் போட்டு சாருக்குப் படம் அனுப்புவேன்னு யாரு கண்டா?"

"சாருக்கு அனுப்புனது ஜூன்ல. கட்டுரை போனது ஜூலைக் கடைசி. நடுவுல ஒண்ணரை மாசம். தெனமும் ஒண்ணா உக்காந்து சோறு தின்னோம்."

"சொல்லோணும்னுதான் தெனமும் வருவேன்."

"நாலு தடவ செஞ்சேன் உஷா. நூத்துக்குப் பத்து. அது நல்லதா, கெட்டதா?"

"நம்மளாட்ட புதுசாச் செய்யறவங்களுக்கு... நல்லதுதான்."

"அது உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதத் தடவையே."

ஜெயப்பிரியா சுவரில் சாய்ந்தாள்.

அந்தப் பத்து அவளுடையவை. எலிக் கருவிலிருந்து வந்து, உருண்டையாகி, அவள் ஊற்றியதைக் குடித்து, நரம்பாக மாறியவை. அவள் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அது வந்து நாலு முறை கண் முன்னால் கிடந்திருக்கிறது. கோழித் தட்டின் வலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது தேறாது என்று நாலு தட்டையும் தன் கையால் ப்ளீச்சில் முக்கினாள். முக்கும்போது உஷாராணி பக்கத்தில்தான் நின்றாள். மூன்றாம் முறை பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்ததும் அவள்தான்.

மிச்சம் இருந்தது மூன்றாம் முறையின் ஒரே ஒரு படம். தோல்விக்கு அடையாளமாக எடுத்து வைத்தது.

உஷாராணிக்கும் அந்தப் படத்தின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ப்ரியா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காத. ஆகஸ்ட்ல நீ நூறு லென்சுல ஒண்ணு எடுத்தீல்ல? அதுல புள்ளி நல்லாத் தெரியுது. உன்ற செல்லுதான் அது. எலிதான். பொய்யொண்ணும் இல்லை. அதப் போட்டு அனுப்பிச்சுரு. அவரு கேட்டது ஒரு அணுக்கருப் படம், அவ்வளவுதான? நான் திங்கக்கிழமை போயிருவேன். நீ நெதானமா மறுபடி செஞ்சு..."

ஜெயப்பிரியா அவளைப் பார்த்தாள். ஒரு நொடி அந்தப் படத்தை மனதுக்குள் கட்டுரையில் ஒட்டியும் பார்த்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எத்தன நாளா இத யோசிச்சு வெச்சிருக்கற?"

"என்னது?"

"ஆகஸ்ட்டுப் படத்த. மூணாமத்தவரு கடுதாசி போன வாரமே வந்துருச்சு. நான் படிச்சுக் காட்டுனேன். 'ஒரு படந்தான, ஜூன் ஸ்லைடு வேண்டாம், புதுசா ஒண்ணு எடுத்துப் போட்டுரு'ன்னு அப்பவே சொன்ன. உன்ற பேச்சக் கேட்டிருந்தா நான் இன்னைக்கு இந்த ஸ்லைடத் தொட்டிருக்கவே மாட்டேன்."

ஜெயப்பிரியாவின் போன் அதிர்ந்தது. கந்தவேல் சார். சேலத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். பின்னால் மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, ஏத்தியாச்சா?"

"இல்லைங்க சார்."

"என்னம்மா நீ, ஒரு படந்தானே. அஞ்சு மணி வரைக்கும் இழுக்காத, கடைசி நேரத்துல நெட்டு காலை வாரிரும்."

"சார், அது எலி இல்லைங்க."

"எது?"

"பன்னெண்டாம் நாள் தட்டுங்க சார். அணுக்கருல புள்ளி இல்லைங்க. அது கோழிங்க."

மைக்கின் சத்தம் தூரமாகிப் போனது. எங்கோ வெளியே வந்து நின்றிருக்க வேண்டும்.

"அது எப்படிம்மா கோழியாகும்?"

ஜெயப்பிரியா உஷாராணியைப் பார்த்தாள். உஷாராணி இரண்டு கையையும் குவித்து வாயை மூடிக்கொண்டு நின்றாள். தலை மட்டும் வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது.

"எழுதித் தாரேனுங்க சார்."

"எழுது. கட்டுரையத் திரும்ப எடுத்துக்கறோம்னு பத்திரிகைக்கு ஒரு லெட்டரு. காரணம் எல்லாம் வரணும். ரெண்டு மணிக்கு அங்க இருப்பேன். நான் பாத்துட்டுத்தான் போகணும்." நிறுத்தினார். "உனக்கு ரெஜிஸ்ட்ரேசன் எப்பம்மா முடியுது?"

"மார்ச்சுங்க சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

மார்ச் வரை ஐந்து மாதம் இருந்தது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நாள். குப்பியில் இன்னும் செல் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து என்று எழுதினால் யாராவது போடுவார்களா, போட்டால்தான் இந்தக் கையெழுத்தை இனி யாராவது நம்புவார்களா என்று தெரியவில்லை. தட்டை நம்பிக் கொடுத்தவளும் அவள்தான், பார்க்காமல் எழுதியவளும் அவள்தான். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.

திரையை ஒதுக்கினாள். வெளிச்சம் கண்ணைக் கூசியது. ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். உப்புமா டப்பா கைக்குக் குறுக்கே இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். முதல் வரி எளிதாக வந்தது. நாங்கள் அனுப்பிய கட்டுரையின் இரண்டாம், மூன்றாம் படங்களில் உள்ளவை எலியின் ஸ்டெம் செல்லிலிருந்து வந்தவை அல்ல. இரண்டாம் வரியும் வந்தது. அவை எட்டு நாள் கோழிக் கருவின் மூளைச் செல்கள். மூன்றாம் வரி 'இந்தத் தட்டை' என்று தொடங்கி நின்றது.

உஷாராணி பின்னால் வந்து நின்றாள். அழுது முடித்திருந்தாள். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, திரையில் இருந்த இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தாள். நின்றுபோன மூன்றாம் வரியையும் படித்தாள்.

"ப்ரியா," என்றாள். "திங்கக்கிழமை நான் அங்க சேரோணும். லெட்டர்ல என்ற பேரு வருமா?"